சீழின் வேர் கண்ட செம்மல்

உடலில் கட்டியோ கொப்புளமோ ஒருமுறையேனும் தோன்றப்பெறாத மாந்தர் உலகில் அரியர். கண்ணிமையில் எழும் கண்கட்டி, விரல் நுனியில் தோன்றும் நகச்சுற்று, முதுகில் படரும் பிளவை முதலியவற்றைச் சிறுவரும் அறிவர். அவை சிவந்து, வீங்கி, வெப்பமுற்று, வலித்து, பழுத்து, உடைந்து, சீழினை வெளிப்படுத்திய பின்னரே ஆறும். நாள்தோறும் காணும் பொருளை வியந்து நோக்குவார் சிலரே. அஃது அவ்வாறு இருப்பதற்குக் காரணம் யாதென வினவுவார் அவரினும் சிலர். கனி முதிர்ந்தால் காம்பை விட்டு நீங்குவது போலக் கட்டி முதிர்ந்தால் சீழ் வருதலும் இயற்கையே என்று பன்னூறு ஆண்டுகள் மருத்துவர்களும் எண்ணியிருந்தனர். அவ்வாறு எண்ணி அமையாது, சீழ் உண்டாவதற்குரிய முதற்காரணத்தைத் தேடிக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் ஆவார்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் அபர்தீன் என்னும் நகரம் உள்ளது. கருங்கற்களால் அமைந்த மாளிகைகள் நிறைந்தது அந்நகரம். ஆக்ஸ்டன் அங்கு 1844ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் பிரான்சிஸ் ஆக்ஸ்டன் ஒரு மருத்துவர். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியராகவும் விளங்கினார். தந்தையின் அடிச்சுவட்டைப் பின்பற்றிய மைந்தர், பிறந்த ஊரிலேயே மருத்துவம் பயின்று 1865இல் பட்டம் பெற்றார். கற்றது கைம்மண்ணளவே என்பதை உணர்ந்த அவ்விளைஞர் பெர்லின், வியன்னா, பாரிஸ் முதலிய நகரங்களுக்கும் சென்று, அங்கிருந்த பேரறிஞர்களின் முறைகளை நேரிற் கண்டு தெளிந்தார். செர்மன் மொழியில் அவர் பெற்ற பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. ஊர் திரும்பியதும் அவர் அபர்தீன் மருத்துவமனையில் பணியேற்று, 1874இல் அங்கு முழுநிலை அறுவை மருத்துவராக உயர்ந்தார்.

அக்காலத்து மருத்துவமனைகளின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. 1846, 1847ஆம் ஆண்டுகளில் ஈதரும் குளோரோபாரமும் வழக்கத்திற்கு வந்தமையால் அறுவையின்போது உண்டாகும் வலி நீங்கிற்று. ஆயினும் அறுவைக்குப் பின்னர் வரும் இடர் நீங்கவில்லை. கத்தி பட்ட இடமெல்லாம் சீழ் பிடித்தது. சீழைத் தொடர்ந்து காய்ச்சல் வந்தது. காய்ச்சலைத் தொடர்ந்து குருதி நஞ்சாகி உயிர் நீங்கிற்று. கெட்டியாய், வெண்மஞ்சள் நிறத்ததாய், நாற்றம் மிகாததாய் ஒழுகும் சீழை நற்சீழ் எனப் பாராட்டி, அதனைப் புண் ஆறுதற்குரிய அறிகுறியாக மருத்துவர்கள் கொண்டாடினர். பகைவனை விருந்தினனாகக் கருதி வரவேற்றது போன்றது அச்செயல். அபர்தீன் மருத்துவமனையின் அறுவைக் கூடத்து வாயிலின்மேல், இறப்பை நினைவூட்டி இறைவன்முன் நிற்க ஆயத்தமாகும்படி அறிவுறுத்தும் மறைமொழி ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதனடியிற் புகுந்த நோயாளர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

இந்நிலையில் கிளாஸ்கோ நகரில் சோசப்பு லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவப் பேராசிரியர் புதுவழி ஒன்றைக் கண்டார். பொருள்கள் புளிப்பதற்கும் அழுகுவதற்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்டியர் நிலைநாட்டியிருந்தார். புண் அழுகுவதற்கும் அவையே காரணமாதல் வேண்டும் என்று கருதிய லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் கைகளையும் தூய்மை செய்தார். அதற்கு முன்னர் அவரிடம் உறுப்பு நீக்கும் அறுவை பெற்ற 35 பேருள் 16 பேர் இறந்தனர். புதுமுறை வந்த பின்னர் 40 பேருள் 6 பேரே இறந்தனர். இச்செய்தி உண்மையோ என ஐயுற்றோர் பலர். ஆக்ஸ்டன் ஐயத்தோடு வீட்டில் அமர்ந்திராது கிளாஸ்கோவுக்கே சென்றார். திறக்கப்பட்ட முழங்கால் மூட்டும் சீழின்றி ஆறும் வியப்பினைத் தம் கண்ணாற் கண்டார். கண்டது முதல் லிஸ்டரின் முறையைத் தம் முறையாகக் கொண்டார்.

அபர்தீனில் கார்பாலிக் நீரைப் புகைபோல் தூவும் கருவியோடு ஆக்ஸ்டன் அறுவை செய்வதைக் கண்ட மாணவர்கள், அத்தூவலைப் பற்றி நகைச்சுவைப் பாட்டொன்றும் கட்டிப் பாடினர். அவரோ நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. சீழின்றிப் புண்கள் ஆறின. மருத்துவமனை வாயிலில் இருந்த அச்சமூட்டும் அறிவிப்பை நீக்கிவிடலாம் என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது. அஃது அவ்வாறே நீக்கப்பட்டது.

பிறராயின் இவ்வெற்றியோடு நிறைவெய்தியிருப்பர். ஆக்ஸ்டன் உள்ளத்திலோ ஓர் ஐயம் முள்போல் உறுத்தியது. புண்ணிற் சீழ் பிடிப்பது காற்றிலிருந்து வந்து விழும் நுண்ணுயிர்களால் என்று அக்காலத்தில் பெரிதும் நம்பினர். அங்ஙனமாயின், தோல் சிறிதும் கிழியாத இடத்தில், காற்றுப் புகுதற்கு வழியே இல்லாத உள்ளிடத்தில், கட்டி தோன்றிச் சீழ் கொள்வது எவ்வாறு? மூடிய கலத்தினுள் நஞ்சு எங்ஙனம் புகுந்தது? இவ்வினா எழுந்தபின் அவருக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஒரு மருத்துவருக்கு இது வெறும் நூலறிவுச் சிக்கல் அன்று. முதற்காரணம் அறியப்படாத வரையில், இன்று சீழ் வாராது காத்த நோயாளிக்கு நாளை அது வந்து உயிர் கொள்ளாது என்று யார் உறுதி கூற இயலும்?

ஒரு நாள் காலில் கடுமையான வீக்கமும் கட்டியும் கொண்ட இளைஞர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். கட்டி உடையாதிருந்தது. ஆக்ஸ்டன் தோலைக் கார்பாலிக் நீரால் நன்கு தூய்மை செய்து, ஊசியால் துளைத்துச் சிறிது சீழை எடுத்தார். அதனைக் கண்ணாடித் தகட்டிற் பரப்பி, ஊதாச் சாயம் ஊட்டித் தம்மிடமிருந்த எளிய நுண்ணோக்கியின் அடியில் வைத்து நோக்கினார். அங்கு அவர் கண்ட காட்சி அவரை இன்பக் கடலில் ஆழ்த்தியது. சீழின் அணுக்களுக்கிடையே, சாயம் ஏறிய சிறு சிறு உருண்டைகள் எண்ணிலவாய்த் திகழ்ந்தன. அவற்றுட் சில மணிகள் கோத்த மாலைபோல் வரிசையாய் நின்றன. சில கொத்துக் கொத்தாய்க் குழுமிக் கிடந்தன. மூடிய கட்டியினுள்ளும் உயிர்கள் உறைகின்றன என்பதற்குக் கண்கூடான சான்று அவருக்குக் கிடைத்துவிட்டது.

எனினும், ஓரிடத்திற் புகையைக் கண்டவன் நெருப்பையும் கண்டாலன்றி அமையான். சீழில் உருண்டை உயிர்கள் இருத்தல் உண்மை. ஆயின் சீழை உண்டாக்கியவை அவைதாமோ? அன்றிச் சீழ் உண்டான பின்னர் ஈப்போல் வந்து மொய்த்தவையோ? இதனை ஆராய்தற்கு நல்ல கருவி வேண்டியிருந்தது. பிரிட்டானிய மருத்துவக் கழகம் வழங்கிய 50 பவுன் உதவித் தொகையைக் கொண்டு அவர் செர்மனியிற் செய்த சிறந்த நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார். செர்மன் அறிஞர் ராபர்ட் கோக் வகுத்த சாயமூட்டும் முறைகளைப் பின்பற்றினார். யூனியன் தெருவிலிருந்த தம் இல்லத்தின் பின்புறத் தோட்டத்தில் சிறு கொட்டில் ஒன்றை ஆராய்ச்சிக் கூடமாக்கினார். பகலெல்லாம் நோயாளரைப் பேணிய அவர், எஞ்சிய பொழுதை அக்கொட்டிலிற் கழித்தார்.

பலருடைய கட்டிகளிலிருந்து எடுத்த சீழை அவர் ஒழுங்காக ஆராய்ந்தார். வெப்பமும் சிவப்பும் வலியும் கொண்டு விரைந்து எழும் கட்டிகளில் அவ்வுருண்டை உயிர்கள் காணப்பட்டன. வெப்பமின்றி மெல்ல மெல்லத் திங்கட்கணக்கில் வளரும் கட்டிகளில் அவை காணப்படவில்லை. பின்னர் உயிருள்ள சீழைக் கினிப்பன்றிகளின் உடலிலும் சுண்டெலிகளின் உடலிலும் செலுத்தினார். அவற்றிலும் கட்டிகள் தோன்றின. அதே சீழை வெப்பமூட்டியோ கார்பாலிக் அமிலம் கலந்தோ உயிர்களை அழித்தபின் செலுத்தினார், கட்டி தோன்றவில்லை. இவ்வுயிர்களைப் புறத்தே வளர்த்துப் பார்க்கவும் விரும்பினார். அதற்குப் புதிதாக இட்ட கோழிமுட்டையே அவருக்குக் கலமாயிற்று. முட்டையோட்டைத் தூய்மை செய்து, சிறு துளையிட்டு, சீழின் ஒரு துளியை உட்செலுத்தி, துளையை மூடி, இளஞ்சூட்டில் வைத்தார். முட்டையினுள் வளர்ந்த உயிர்களும் விலங்கின் உடலிற் கட்டியை உண்டாக்கின. ஐயம் அகன்றது, கட்டிக்கும் சீழுக்கும் முதல் இவ்வுருண்டை உயிர்களே என்பது தெளிவாயிற்று.

1880ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 9ஆம் நாள் பெர்லின் நகரில் செர்மன் அறுவை மருத்துவர் பேரவை கூடியது. அங்கு ஆக்ஸ்டன் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அவ்வுரை செர்மன் இதழ் ஒன்றில் அவ்வாண்டே வெளிவந்தது. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் பாஸ்டியரும் கொப்புளத்துச் சீழில் இத்தகைய உயிர்களைக் கண்டு அறிவித்தார். ஒருவரை ஒருவர் சாராது இரு நாட்டில் இருவர் கண்ட காட்சி ஒன்றாயிருந்தமை, உண்மைக்கு அமைந்த இரட்டைச் சான்றாகும்.

அயல்நாட்டில் மதிப்புப் பெற்ற ஆராய்ச்சி தாயகத்தில் அத்தகைய வரவேற்பைப் பெறவில்லை. உள்ளூர் மருந்து விலைபோகாது என்பது எந்நாட்டுக்கும் பொதுவான வழக்குப் போலும்! தலைநகரினின்று நெடுந்தொலைவிலுள்ள அபர்தீனிலிருந்து நற்பொருள் எதுவும் வருமோ என்று இகழ்ந்த இதழாசிரியரும் இருந்தார். இதனினும் ஆக்ஸ்டன் நெஞ்சை வருத்தியது வேறொன்று. அவர் ஆசானாக மதித்த லிஸ்டரைச் சார்ந்தோரே அவர் கூற்றை ஏற்கவில்லை. நன்றாக ஆறிவரும் புண்களிலும் இத்தகைய உருண்டை உயிர்களைத் தாம் கண்டதாகவும், ஆதலின் அவை தீங்கற்றவை என்றும் அவர்கள் மறுத்துரைத்தனர். அவர்கள் கண்டதும் பொய்யன்று. தூய்மையான தோலிலும் இத்தகைய உயிர்கள் வாழ்கின்றன. கேடு செய்யாமலே வாழ்கின்றன. என்றும் உடனிருந்தும் தீங்கு செய்யாதவரைக் கள்வர் என்று கூறினால் யார்தாம் எளிதில் நம்புவர்?

ஆக்ஸ்டன் ஆசானை இகழ்ந்தாரல்லர். தாம் கண்ட உண்மையைக் கைவிட்டாருமல்லர். லிஸ்டரின் முறையைத் தொடர்ந்து போற்றிக்கொண்டே, தம் ஆராய்ச்சியையும் தொடர்ந்து நடத்தினார். 1881இலும் 1882இலும் விரிவான கட்டுரைகளை வெளியிட்டார். இவ்வுயிர்கள் கட்டியின் எல்லைக்குள் அடங்கியிருந்தால் உண்டாகும் கேடு சிறிது. எல்லை கடந்து குருதியிற் கலந்தால் உடல் முழுவதும் நஞ்சாகி உயிருக்கே இறுதி நேரும் என்பதையும் அவர் விளக்கினார். திருவள்ளுவர் உட்பகை எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வெளியே நின்று எதிர்க்கும் பகையினும் உடன் உறையும் பகை கொடிது என்னும் உண்மை, அரசுக்கு மட்டுமன்றி மனித உடலுக்கும் பொருந்துவதை ஆக்ஸ்டனின் ஆராய்ச்சி காட்டியது.

உருண்டை உயிர்களுள் மாலைபோல் வரிசையாய் நிற்பனவற்றிற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பெயரை வியன்னா நகர அறிஞர் பில்ரோத் முன்னரே இட்டிருந்தார். கொத்தாய்க் குழுமுவன வேறினம் என்பதைத் தெளிந்த ஆக்ஸ்டன், அதற்கு ஏற்ற பெயரைத் தேடினார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமொழிப் பேராசிரியராயிருந்த கெடிஸ் என்பார் துணை செய்தார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லையும் மணியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் பெயர் அமைந்தது. 1882இல் வெளிவந்த கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது. மொழிப் புலவரும் மருத்துவரும் கூடி அமைத்த அப்பெயர், இன்று உலகின் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் வழங்குகின்றது.

1884இல் ரோசன்பாக் என்னும் செர்மன் மருத்துவர் இவ்வுயிர்களைத் தனியே வளர்த்து, அவற்றுட் பொன்னிறமாய்ப் படர்வன ஒருவகை, வெண்ணிறமாய்ப் படர்வன மற்றொருவகை எனப் பிரித்தறிந்தார். பொன்னிறத்தன கட்டிக்கும் பிளவைக்கும் எலும்பு அழற்சிக்கும் காரணமாதலைப் பின்வந்தோர் உறுதி செய்தனர். வெண்ணிறத்தன ஏறத்தாழ எல்லா மாந்தர் தோலிலும் அமைதியாய் வாழ்வன. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே தோற்றத்தன. ஆக்ஸ்டனுக்கும் அவரை மறுத்தோர்க்கும் இடையே எழுந்த வழக்கின் மறைபொருள் இவ்வேறுபாட்டில் ஒருவாறு புலனாகின்றது.

வெண்ணிறத்து உயிர்களின் வரலாறும் அத்துடன் முடியவில்லை. அவை நோயாளியின் குருதியிற் காணப்படினும், ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டி வந்தவை என்று மருத்துவர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவந்தனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கை இதய வால்வுகளும், உடலினுள் வைக்கும் குழாய்களும், செயற்கை மூட்டுகளும் பெருகின. அப்பொருள்களின்மேல் இவ்வுயிர்கள் ஒட்டிக்கொண்டு, பசைபோன்ற படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்து, மருந்துக்கும் எட்டாமல் மறைந்து வாழ்ந்து கடுநோய் விளைப்பதை அறிஞர்கள் கண்டனர். ஒருமுறை எடுத்த குருதியில் மட்டும் தோன்றினால் அது தோலின் கலப்பாக இருக்கலாம். வெவ்வேறு முறை எடுத்த குருதியிலும் தோன்றினால் அதனை நோயின் காரணமாகக் கருதுதல் வேண்டும் என்னும் நெறி பிறந்தது. ஆக்ஸ்டன் எழுப்பிய அதே வினாவை, அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னரும் மருத்துவ உலகம் மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று.

1882இல் அபர்தீன் பல்கலைக்கழகம் ஆக்ஸ்டனை அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. 1909 வரை, 27 ஆண்டுகள் அவர் அப்பணியாற்றினார். விக்டோரியா அரசியாருக்கு ஸ்காட்லாந்தில் அறுவை மருத்துவராகவும் அமர்ந்தார். அரண்மனைச் சிறப்பு அவரைப் போர்க்களத்தின் துன்பத்தினின்றும் விலக்கவில்லை. 1885இல் சூடான் போர்க்களத்திற்கும், பின்னர்த் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்திற்கும் சென்றார். காயமுற்ற வீரர்க்குத் தக்க மருத்துவ ஏற்பாடு இன்மையைக் கண்டு வருந்தி, படை மருத்துவத்துறை திருந்துதற்கு ஓயாது வாதிட்டார். 1898இல் அரச படை மருத்துவப் பிரிவு அமைதற்கு உழைத்தோருள் அவரும் ஒருவர். 1912இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. முதல் உலகப்போர் மூண்டபோது அவர் 70 வயதை எய்தியிருந்தார். ஓய்வுக்குரிய அப்பருவத்திலும் சர்பியாவுக்கும் இத்தாலிக்கும் சென்று புண்பட்டோரைப் பேணினார். நிறைவாழ்வு வாழ்ந்து 1929ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் முதல் நாள், தம் 84ஆம் வயதில் அபர்தீனில் உயிர் நீத்தார்.

அவர் மறைவதற்குச் சில திங்கள் முன்னர், 1928இல், இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் தட்டுகளில் நுண்ணுயிர்களை வளர்த்து ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒரு தட்டில் பூஞ்சணம் விழுந்து, தன்னைச் சூழ்ந்திருந்த உயிர்களை அழித்தது. பெனிசிலின் என்னும் அருமருந்து அவ்வாறு வெளிப்பட்டது. அங்கு அழிந்த உயிர்கள், ஆக்ஸ்டன் பெயரிட்ட ஸ்டாபிலோகாக்கஸ் இனத்தனவே. வேரைக் கண்டவர் ஒருவர். வேரறுக்கும் வாளைக் கண்டவர் மற்றொருவர். ஆயினும் அவ்வுயிர்கள் முற்றும் தோற்றுவிடவில்லை. பெனிசிலினுக்கு அடங்காத வகைகள் விரைவிலேயே தோன்றின. அவற்றை அடக்கப் படைத்த மெதிசிலின் என்னும் மருந்துக்கும் அடங்காதன 1961இலேயே இங்கிலாந்தில் காணப்பட்டன. மாந்தருள் ஏறத்தாழப் பத்தில் மூவர் மூக்கினுள் பொன்னிற வகை உயிர்கள் வாழ்கின்றன. ஆதலின் கைகளைத் தூய்மையாகக் கழுவுதலும், சிறு புண்ணையும் மூடிக் காத்தலும், கட்டியைக் கையாற் பிதுக்காதிருத்தலும், மருத்துவர் கூறிய அளவிலன்றி மருந்துண்ணாமையும் யாவர்க்கும் உரிய கடமைகளாம்.

ஆக்ஸ்டன் தேடிய பொருள் மலையுச்சியிலோ ஆழ்கடலிலோ மறைந்திருக்கவில்லை. ஒவ்வொருவர் உடலிலும், ஒவ்வொரு மருத்துவர் கையிலும் இருந்தது. அதனைக் கண்டவர் பல்லாயிரவர்; உற்று நோக்கியவர் மிகச் சிலர். பழகிய பொருளையும் புதியதுபோல் நோக்கும் கண்ணும், கண்டதைச் சோதித்துத் தெளியும் பொறுமையும், தெளிந்ததைப் பெரியோர் மறுப்பினும் பணிவோடு நிலைநாட்டும் உறுதியும் அவர்பால் ஒருங்கே அமைந்திருந்தன. தோட்டத்துச் சிறு கொட்டிலில் அவர் ஏற்றிய அறிவு விளக்கு, இன்றும் நோயாளர் பலர்க்கு வாழ்வளித்து வருகின்றது.